ராட்டினப் பாட்டு (1931 – ?)

ஓர் ஆளைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது நம் ஊர்ச் சட்டம். இந்தப் பாட்டுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனவே தாமதமாகவேனும் ஓர் இரங்கல் குறிப்பு எழுதிவிடுவது முறை.

பெயர் ‘ராட்டினமாம் காந்தி கை பாணமாம்’. எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். பாடியவர் டி. பி. ராஜலட்சுமி. பிறந்த ஊர் பம்பாய். ஊரறிய வெளிவந்த நாள் 1931 அக்டோபர் 31, இடம் சென்னை ஜார்ஜ் டவுன். படம் ‘காளிதாஸ்’, தமிழ் பேசிய முதல் படம். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதன் பாட்டுகள் இசைத்தட்டாகக் கிடைக்கவில்லை. கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகமும் யார் கைக்கும் அகப்பட்டதாகத் தெரியவில்லை. பாட்டின் முகவரி முழுசாக இருக்கிறது, வீட்டைத்தான் காணோம்.

‘காளிதாஸி’ல் ஐம்பது பாட்டு வரை இருந்ததாகச் சொல்வார்கள். போனது எல்லாமும்தான். அப்படியிருக்க இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் தனியாக ஒப்பாரி? காரணம் இருக்கிறது. அதே படத்தில் தியாகராஜரின் கீர்த்தனைகளையும் ராஜலட்சுமி பாடினார். ‘எந்த நேர்ச்சினா’ அதில் ஒன்று, ‘ஸ்வர ராக ஸுதா’ இன்னொன்று. படம் அழிந்ததால் அந்த இரண்டுக்கும் ஒரு கீறலும் விழவில்லை. குரு சொல்ல சிஷ்யர் கேட்டு, இன்றைக்கும் சபா சபாவாகப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவற்றைப் பொறுத்தவரை ‘காளிதாஸ்’ ஓர் இரவு தங்கிப்போன சத்திரம். ராட்டினப் பாட்டுக்கோ அந்தச் சத்திரத்தை விட்டால் போக்கிடம் இல்லை. சத்திரம் இடிந்தபோது அதுவும் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டது.

முதலில் படத்தைப் பற்றி நாலு வார்த்தை. ஆர்தேஷிர் இரானி என்ற பம்பாய் பார்சி முதலாளி 1931 மார்ச் 14 அன்று ‘ஆலம் ஆரா’வை வெளியிட்டார். இந்தியாவின் முதல் பேசும்படம். கிர்காமிலிருந்த மெஜஸ்டிக் கொட்டகைக்கு வந்த கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வரவேண்டியிருந்தது. படம் பேசினால் காசு கொட்டும் என்பது தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, வேறு எந்தப் பாஷையில் பேசவைக்கலாம் என்பது. தெற்கே பெரிய சந்தை காத்திருந்தது. ‘ஆலம் ஆரா’வுக்குப் போட்ட அரங்குகளையே வைத்துக்கொண்டு, ஹெச். எம். ரெட்டி இயக்கத்தில், எட்டு நாளில் எடுத்து முடித்ததாகச் சொல்லப்படும் படம்தான் ‘காளிதாஸ்’. செலவு 8,000 ரூபாய் என்றும் வசூல் 75,000 ரூபாய்க்கு மேல் என்றும் சினிமாச் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள்.

கதை தெரிந்ததுதான். கர்வக்கார ராஜகுமாரிக்கு ஒரு மூடனைக் கட்டிவைத்துப் பழிவாங்குகிறான் மந்திரி. அந்த மூடன் காளியின் அருளால் மகாகவி ஆகிறான். ராஜகுமாரி வித்யாதரியாக ராஜலட்சுமி, காளிதாசனாக பி. ஜி. வெங்கடேசன். ராஜகுமாரி தமிழில் பேசினாள். புருஷன் தெலுங்கில் பதில் சொன்னான். சுற்றி நின்ற சிலர் இந்தி பேசினார்கள். குடும்பம் நடந்தது! இதைத் தமிழ்ப் படம் என்பதா, தெலுங்குப் படம் என்பதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அக்கறை இல்லை. பேச்சு மூன்று பாஷையில் தடுமாறியதால்தான் பாட்டு அந்தப் படத்தின் முதுகெலும்பாக நின்றது என்று தோன்றுகிறது. வசனம் புரியாதவனும் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகலாம் இல்லையா?

அந்தக் காலத்தில் பாட்டை எடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். பின்னணி பாடுவது என்ற ஏற்பாடே கிடையாது. அது தமிழுக்கு வந்தது ஏவி. மெய்யப்பன் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில், 1938இல். அதுவரை நடிக்கிறவர்தான் பாடவேண்டும், நடிக்கும்போதேதான் பாடவேண்டும். ‘ஆலம் ஆரா’வுக்கு வாங்கிய டானார் கருவியில் படமும் ஒலியும் ஒரே பிலிமில், ஒரே நேரத்தில் பதிவாயின. ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. ‘ஆலம் ஆரா’வின் பெரும்பகுதியை ரயில் ஓடாத நடுநிசிக்குப் பிறகு எடுத்தார்கள். மைக்கை எங்கேயாவது மறைத்து வைப்பார்கள். ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் கேமரா கண்ணுக்குத் தப்பி ஒதுங்கி உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுகிறவர் ஓர் இடத்தில் பிசகினால் ஒலியை மட்டும் திருத்தமுடியாது. முகமும் சேர்ந்து போகும், மறுபடி முதலிலிருந்து. இப்படி எடுத்த பாட்டில் மெருகு இருந்திருக்காது. ஆனால் அதில் இருந்தது ஒரு பெண் நின்று பாடிய அந்த மூன்று நான்கு நிமிஷம் அப்படியே, ஒட்டும் வெட்டும் இல்லாமல். பிற்காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டு எதற்கும் வாய்க்காத நேர்மை அது.

சரி, உஜ்ஜயினிக் கவிஞனின் கதையில் காந்தியின் ராட்டினம் எங்கிருந்து வந்தது?

இன்றைக்கு இது சிரிப்பாகத் தெரியும். அன்றைக்குக் கொட்டகையில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்லலாம். அந்தப் பாட்டு சினிமாவில் பிறந்ததே தவிர, அதன் ஜாதகம் நாடக மேடையில் கணித்தது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ஒரே ராத்திரிக்கென்று வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களைக் கூட்டிவந்து, ஒத்திகைகூடப் பார்க்காமல் ‘வள்ளி திருமண’மோ ‘கோவல’னோ போடுவார்கள். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பட்சி விரட்டுவாள். விரட்டுவது எந்தப் பட்சியை என்பது அவள் இஷ்டம். பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டு ஒன்று உண்டு. வெள்ளைக் கொக்கு என்றால் எந்த வெள்ளை என்று தரையில் உட்கார்ந்திருந்த கிழவிக்கும் தெரியும். மேடை ஓரம் நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். முருக வேஷத்திலேயே அந்தப் பாட்டைப் பாடிவிட்டு ஜெயிலுக்குப் போனவர் எஸ். எஸ். விசுவநாததாஸ். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, திரும்பத் திரும்பப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருக்கும்போது, முருகனாக மேடையில் இருந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.

அந்த மேடையில் கதை என்பது துணி காயப்போடும் கொடி. எதை வேண்டுமானாலும் அதில் மாட்டலாம். ஜனங்கள் வந்தது கதை கேட்க அல்ல, கதைதான் எல்லோருக்கும் மனப்பாடமாயிற்றே. இந்த வருஷம் இந்த நடிகர் நடுவிலே என்ன பாடப்போகிறார் என்பதைக் கேட்க வந்தார்கள். பஞ்சம், ரயில் விபத்து, கள்ளுக்கடை மறியல், பகத்சிங் தூக்கு எல்லாம் பாட்டாகும். பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ் மோர்’. மறுபடியும் ‘ஒன்ஸ் மோர்’. வள்ளி பரணிலிருந்து இறங்க விடியற்காலம் ஆகிவிடும்.

மதுரை பாஸ்கரதாஸ் அந்தத் தொழிலின் ராஜா. 1892இல் விளாத்திகுளம் வட்டாரத்து நாகலாபுரத்தில் பிறந்தவர், இயற்பெயர் வெள்ளைச்சாமி. நாடகக்காரர்களுக்குப் பாட்டெழுதிக் கொடுப்பதும் சொல்லிக்கொடுப்பதும் பிழைப்பு. யாருக்கு என்ன குரல், எந்த ஊரில் எது எடுபடும், எந்தச் சப்-இன்ஸ்பெக்டர் கண்டுகொள்ளமாட்டார் என்பதெல்லாம் தெரிந்து எழுதவேண்டிய வேலை அது. முப்பது வருஷத்துக்கு மேல் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். பேரன் ச. முருகபூபதி அதைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார். சிறுகதை வாசகர்களுக்குத் தெரிந்த கோணங்கியும் ச. தமிழ்ச்செல்வனும் இன்னும் இரண்டு பேரன்கள். தாத்தாவின் பாட்டு அகப்படாமல் போய், பேரன்களின் உரைநடை நிலைத்திருக்கிறது.

பாஸ்கரதாஸின் மதுரைக்கும் ராட்டினத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. மேல்சட்டையையும் தலைப்பாகையையும் கழற்றிவிட்டு முழங்கால் வேட்டிக்குக் காந்தி மாறியது 1921 செப்டம்பர் 22, மதுரையில். அடுத்த பத்து வருஷத்தில் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் நூல் நூற்ற பெண்கள் கதர் வியாபாரத்தையே தாங்கி நின்றார்கள். 1930இல் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போன ராஜாஜியின் கூட்டம் நாமக்கல் கவிஞர் எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தது. போராட்டத்துக்குப் பாட்டு வேண்டும் என்பது தமிழ்நாட்டில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய சங்கதியாக இல்லை.

பாஸ்கரதாஸின் சாமர்த்தியத்தை அந்த ஒற்றைத் தலைப்பிலிருந்தே கொஞ்சம் மோப்பம் பிடிக்கலாம். அதே படத்துக்கு அவர் எழுதிய காதல் பாட்டு மன்மதனின் பாணத்தைப் பற்றியது. காமன் கையில் கரும்பு வில், பூக்கணை. நாடகக் கவிகள் நூறு வருஷமாகப் பூட்டித் தேய்த்த ஆயுதம். அதைக் கழற்றி வைத்துவிட்டு, பாணத்தைக் காந்தி கையில் கொடுத்து, அதை ராட்டினமாக்கிவிட்டார். ஒரே கொட்டகையில், ஒரே பெண்ணின் வாயால், இரண்டு பாணமும் கிளம்பின. ‘இந்தியர்கள் நாம் ஏன் நமக்குள் சண்டை போட்டுக்கொள்ளவேண்டும்’ என்கிற பொருளில் இன்னொரு பாட்டும் படத்தில் இருந்தது. தேசியப் பாட்டு தற்செயலாக நுழைந்துவிடவில்லை, கணக்குப் போட்டுத்தான் நுழைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது போதும்.

தேதியைக் கவனியுங்கள். 1931 மார்ச்சில் காந்தி – இர்வின் ஒப்பந்தம் ஆகிறது. அக்டோபர் கடைசியில் காந்தி வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டனில் இருக்கிறார். அங்கே ஈஸ்ட் எண்டில் ஏழைகள் குடியிருப்பில் தங்கி ராட்டினம் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய சுதேசியால் ஆலை மூடிப்போன லங்காஷயர் தொழிலாளர்களையே செப்டம்பரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சென்னையில் படங்களைத் தணிக்கை செய்தது போலீஸ் கமிஷனரின் தலைமையிலிருந்த போர்டு. சமாதானம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டுக்காகக் கத்தரியைத் தூக்குவானேன் என்று விட்டிருக்கலாம் என்பது என் ஊகம். இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் தலையெழுத்தே வேறு. 1932 ஜனவரி 4 அன்று காந்தியைப் பிடித்து உள்ளே போட்டார்கள், காங்கிரஸுக்குத் தடை விதித்தார்கள். ராட்டினப் பாட்டு பிறந்தது சரியாக அந்த இடைவெளியில்.

பாடியவரைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். 1911இல் தஞ்சை ஜில்லா சாலியமங்கலத்தில் பிறந்தார், தகப்பனார் பஞ்சாபகேச சாஸ்திரி கிராமக் கர்ணம். பால்ய விவாகம். அது நிலைக்கவில்லை. தகப்பனாரும் போனபின் பிழைப்புத் தேடித் தாயோடு திருச்சி வந்து நாடகத்தில் சேர்ந்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறினால் 1920களில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கண்ணில் பட்டு, கிட்டப்பாவோடும் தியாகராஜ பாகவதரோடும் மேடையில் ஜோடி போட்டு, 1929இல் ஏ. நாராயணனின் ‘கோவலன்’ மௌனப்படத்தில் நடித்து, இருபது வயசு நிறையும் முன் முதல் பேசும்படத்தின் கதாநாயகி. ‘சினிமா ராணி’ என்ற பட்டம் வந்தது. 1936இல் தானே எழுதிய கதையை ‘மிஸ் கமலா’ என்று தானே தயாரித்து, தானே இயக்கினார். தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் அது.

இந்த ஆளைத்தான் இரானி பம்பாய்க்கு வரவழைத்தார். அவர் போனபோது தன்னோடு கொண்டுபோனது ஒரு நாடக மேடை முழுவதையும். கீர்த்தனை, காதல் பாட்டு, தேசியப் பாட்டு, குறத்தி நடனம் எல்லாம் அவர் மூட்டையில் தயாராக இருந்தன. ரெட்டி கேமராவை எதிரே வைத்தார், ராஜலட்சுமி மூட்டையை அவிழ்த்தார். கதைக்குப் பொருந்துகிறதா என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

படப்பெட்டி பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த வைபவத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கிய படச்சுருளை வால்டாக்ஸ் ரோடு வழியே ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் பூத் தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். உற்சவருக்குச் செய்கிற அத்தனையும் ஒரு தகரப் பெட்டிக்குச் செய்தாயிற்று. ‘சுதேசமித்திர’னும் ‘தி ஹிந்து’வும் விளம்பரம் தாங்கி வந்தன. கினிமா சென்ட்ரல் பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் ஆனது, அதுவும் இன்று இல்லை. அங்கே ‘காளிதாஸ்’ ஓடியபோது வாயசைப்பும் ஒலியும் ஒத்துப்போகவில்லை என்று குறைப்பட்டவர்கள் உண்டு. கூட்டம் அதைப் பொருட்படுத்தவில்லை. திரையில் இருக்கிற பெண் பிம்பம் தன் பாஷையில் வாய் திறந்து காந்தி பெயரைச் சொல்கிறது. அந்தக் கணத்தில் உதடு அரைக்கணம் பிந்தினால் என்ன, முந்தினால் என்ன?

இனி மரணம். ஒரே காரணத்தால் சாகவில்லை.

அன்றைய பிலிம் நைட்ரேட். சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டாலும் சும்மா இருக்காது. சென்னை வெயிலில் முதலில் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். எரிந்ததும் மக்கியதும் போக மிஞ்சியதை மனுஷர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிலிமில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடிந்த படத்தை எடைக்குப் போட்டுக் கழுவி வெள்ளி எடுப்பது அங்கீகரிக்கப்பட்ட வியாபாரம். ‘ஆலம் ஆரா’வின் கடைசிச் சில சுருள்களுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது என்று, இரானியின் குடும்பத்தாரிடம் கேட்டறிந்த, பழைய படங்களைத் தேடிச் சேர்த்த பி. கே. நாயர் சொல்லியிருக்கிறார். பெரிய பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், எட்டு நாளில் பிறந்த தென்னாட்டுப் பிள்ளையை யார் சீந்தியிருப்பார்கள்?

வியாபாரக் காரணம் இதைவிடக் கொடிது. ‘காளிதாஸ்’ விற்றது புதுமையை. 1932இல் முழுக்கத் தமிழிலேயே பேசிய ‘ஹரிச்சந்திரா’ வந்துவிட்டது. தெலுங்குக்கு அதே ஹெச். எம். ரெட்டி ‘பக்த பிரகலாதா’வை எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்புறம் புருஷன் தெலுங்கும் பெண்டாட்டி தமிழும் பேசும் படத்தை எவன் திரும்ப எடுத்து ஓட்டுவான்?

இசைத்தட்டு வந்திருந்தால் பாட்டாவது பிழைத்திருக்கும். இங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. தமிழ்நாட்டில் அப்போது கிராமபோன் தட்டுக்குப் பஞ்சமே இல்லை. நாடகப் பாட்டும் தேசியப் பாட்டும் தட்டுத் தட்டாக விற்றன. பாஸ்கரதாஸின் பாட்டுகளே தட்டில் ஏறியிருக்கின்றன. எஸ். ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேசும்படத்தில்கூட நடிக்காமல் 1933இல் இளவயதில் போய்விட்டார். அவர் குரலை இன்றைக்கும், கீறலோடு, கைபேசியில் கேட்கலாம். அவரோடு மேடையேறிய ராஜலட்சுமி புதிய யந்திரத்தை நம்பி, அதற்கு முதன்முதலாகத் தமிழ்ப் பாட்டைக் கொடுத்தார். நம்பிக் கொடுத்த அந்தக் குரல்தான் போய்விட்டது. பழைய சாதனம் காப்பாற்றியது, நவீன சாதனம் தின்றுவிட்டது.

பாட்டுப் புத்தகம் மூன்றாவது. அதுவும் அற்பப் பொருள். சாணித்தாள், அரையணா ஓரணா விலை, அரைகுறையாகக் கதைச் சுருக்கம் சொல்லி ‘மிகுதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்கள். பிற்காலப் படங்களுக்கான புத்தகங்கள் நிறையவே பிழைத்திருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனி மனிதர்கள் பழைய தாளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்ததால் பிழைத்தன. அவர் சேகரம் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அதுபோல எந்தப் பெட்டிக்குள்ளிருந்தாவது ‘காளிதாஸ்’ புத்தகம் ஒன்று வெளிவந்தால் பாட்டின் சொற்கள் நமக்குத் திரும்பும். ராகமும் தாளமும்கூட மேலே அச்சிட்டிருக்கக்கூடும். இந்துஸ்தானி மெட்டோ பார்சி நாடக மெட்டோ என்றால் அதையும் சொல்லிவிடுவார்கள், அந்தக் காலப் பதிப்பாளர்களுக்கு அந்த நாணயம் இருந்தது.

இந்த மூன்றுக்கும் அடியில் நாலாவதாக ஒன்று கிடக்கிறது. அந்தப் பாட்டை ஒரு பாட்டாக யாரும் மதிக்கவில்லை. சங்கீதக்காரர்களுக்கு அது தெருப்பாட்டு. இலக்கியக்காரர்களுக்குக் கூத்தாடிப் பாட்டு. சினிமாக்காரர்களுக்குக் கதைக்குச் சம்பந்தமில்லாத இடைச்செருகல். சுதந்திரம் வந்தபின் காங்கிரஸுக்காவது ஞாபகம் இருந்திருக்கலாம். அவர்களுக்கு வேறு ஜோலி வந்துவிட்டது. பாடகியே அடுத்த ராத்திரி புதுப்பாட்டுக்குத் தாவுகிற மரபில், போன மாதத்துப் பாட்டைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எவருக்கும் உறைக்காதது ஆச்சரியமில்லை. பத்திரிகையை மறுநாள் மடித்துப் பரணில் வைக்கிறவர்கள் எத்தனை பேர்? தியாகராஜருக்குச் சிஷ்ய பரம்பரை இருந்தது. பாஸ்கரதாஸுக்கு இருந்ததெல்லாம் சம்பளத்துக்குப் பாடுகிற நடிகர்கள், அவர்களுக்கும் பின்னால் ஜெயில் கதவு.

தவறவிட்ட சந்தர்ப்பங்கள் ஒன்றிரண்டு உண்டு. பாஸ்கரதாஸ் 1952 வரை இருந்தார். ராஜலட்சுமி 1964இல் காலமானார். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதும் 1964இல்தான். பழைய படங்களைத் தேடிப் பெட்டியோடு அலைந்த பி. கே. நாயர் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற நாகர்கோவில் மௌனப்படத்தை மீட்டார். தென்னிந்திய மௌனப்படங்களில் அது ஒன்றுதான் மிச்சம் என்கிறார்கள். ‘காளிதா’ஸை அவராலும் பிடிக்கமுடியவில்லை. படத்தில் சிறு வேஷம் போட்ட எல். வி. பிரசாத் 1994 வரை நம்மோடிருந்தார். ‘ஆலம் ஆரா’, ‘காளிதாஸ்’, ‘பக்த பிரகலாதா’ என்று மூன்று மொழிகளின் முதல் படங்களிலும் முகம் காட்டிய ஒரே ஆள் அவர். சென்னையில் அவர் பெயரில் ஸ்டூடியோ இருந்தது, ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. நாட்டிலேயே தேர்ந்த ஒலிப்பதிவுக்காரர்கள் வந்துபோன கூடம். அந்த மூன்று நான்கு நிமிஷத்து மெட்டை ஞாபகத்திலிருந்து முணுமுணுக்கச் சொல்லி ஒரு நாடாவில் பிடித்து வைத்திருந்தால் போதுமே!

ஆனால் ராட்டினப் பாட்டு பிள்ளை குட்டி இல்லாமல் போகவில்லை. 1939இல் கே. சுப்ரமணியம் கல்கியின் கதையைத் ‘தியாகபூமி’யாக எடுத்தபோது, டி. கே. பட்டம்மாள் பாடிய தேசியப் பாட்டு அதில் ஒலித்தது. அந்தப் படத்தைச் சர்க்கார் தடை செய்தது. இந்த முறை பாட்டு கதைக்குள்ளேயே நின்றது, இடைச்செருகல் என்று யாரும் சொல்லமுடியாது. அதற்குப் பின் திராவிட இயக்கம் வந்தது. கதாநாயகன் வயலிலோ படகிலோ நின்றுகொண்டு கட்சிச் சேதியைப் பாடினான். ராஜா வேஷத்தில் இருந்தாலும் உதயசூரியனைப் பாடினான். கொட்டகையில் விசில் பறந்தது. உஜ்ஜயினியில் ராட்டினமா என்று ஒருகாலத்தில் கேட்காமல் விட்ட ஜனங்கள்தான் அவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். தமிழ்ச் சினிமாப் பாட்டு அரசியல் பேசுவதை எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து தொடங்கி ஆராய்கிறவர்கள் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். முதல் படத்தின் முதல் காட்சியிலேயே அது பேச ஆரம்பித்துவிட்டது. தமிழ்ச் சினிமா எழுந்து நடப்பதற்கு முன்பே பிரசாரம் செய்தது என்று குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் படுகிறது. கலை தன் காலில் நின்றால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஸ்பெஷல் நாடகத்தை ஒருமுறையாவது முழு ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும்.

ஸ்பெஷல் நாடகம் மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இன்னும் நடக்கிறது. நாடக நடிகர் சங்கத்தில் ஆளைப் பேசி, தேதி வாங்கி, முன்பணம் கொடுத்து வரவேண்டும். வள்ளியும் முருகனும் நாரதரும் விடிய விடியத் தர்க்கம் பண்ணுவார்கள். அவர்கள் பாட்டு நோட்டுகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுபவை. கையெழுத்து மாறியிருக்கும், எழுதியவர் பெயர் உதிர்ந்திருக்கும், மெட்டின் பெயர் மட்டும் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கும். ‘காளிதாஸ்’ பிரதியைத் தேடி வெளிநாட்டுக் காப்பகங்களுக்கு எழுதிக் கேட்கிறவர்கள், ஒரு மாசிமாதத்தில் இந்த நோட்டுகளையும் கொஞ்சம் புரட்டலாம். படச்சுருள் அங்கே இருக்காது. ராட்டினப் பாட்டின் இரண்டு அடியாவது ஏதோ ஒரு வள்ளியின் நோட்டில், யார் எழுதியது என்ற விவரம் இல்லாமல், கொக்குப் பாட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க நியாயம் உண்டு.